அந்த வரி எதில் தொங்குகிறது

போர்ட் பிளேயர் டாலிகஞ்சில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்துகொண்டு என் மருமகள் சுகன்யா பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். அவள் கம்ப்யூட்டரில் படம் கிடையாது, பொம்மை கிடையாது. வெறும் கறுப்புத் திரை. அதில் இரண்டு எழுத்து, மூன்று எழுத்தாகத் தட்டுவாள். எங்கேயோ இருக்கும் ஒரு இயந்திரம் சொன்னபடி செய்யும். ஏனம்மா இப்படி என்று கேட்டால், "நம்ம தீவு நெட்டுக்கு இதுதான் மாமா தாங்கும். படம்லாம் அனுப்பினா பாதி வழியிலயே நின்னு போயிடும்" என்பாள்.

ஒரு நாள் அவள் ஏதோ தட்டினாள். திரை ஒன்றும் சொல்லவில்லை. வேலை நடந்ததா இல்லையா என்று நான் கேட்டேன்.

"நடந்துடுச்சு மாமா. சொன்னது சரியா இருந்தா அது ஒண்ணும் பேசாது. தப்பா இருந்தாத்தான் வாயத் திறக்கும்."

"எங்க சாக்கோ சார் மாதிரி" என்றேன். அவர் யார் என்று கேட்டாள். அப்போது சொல்ல வரவில்லை.

போன மாதம் அவள் கம்பெனியில் ஒரு வாக்குவாதம். பழைய புரோகிராம் ஒன்றை வைத்துக்கொள்வதா, தூக்கி எறிவதா என்று பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு கடிதம் எழுதிக் குழப்பியிருந்தார்கள். யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள், எந்தக் காரணம் எதை வெட்டுகிறது என்பதை வெறும் எழுத்தாலேயே ஒரு பக்கத்தில் கிளை பிரித்துக் காட்ட வேண்டும். அதற்கு மூன்று வழி இருக்கிறதாம். ஒன்றில், பதில் சொல்லும் வரியை வலப்பக்கமாகத் தள்ளி எழுதி, முன்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறி போட வேண்டும். இன்னொன்றில் குறிக்குப் பதில் வார்த்தை. மூன்றாவதில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண், எந்த எண்ணுக்குப் பதில் என்பதும் அதிலேயே இருக்கும். எது நல்லது என்று ஒப்பிட்டுச் சொல்வது அவள் பொறுப்பு.

அவள் தோளுக்குப் பின்னால் நின்று அந்த மூன்றையும் பார்த்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அறுபதுகளில், கம்ப்யூட்டர் என்ற சொல்லே காதில் விழாத காலத்தில், இதே மூன்றை இதே வரிசையில் நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்று, அதாவது நான் கண்டுபிடித்தது, அஞ்சலை என்ற பெண்ணின் ஐந்து ஏக்கர் நிலத்தைப் பிடுங்கியது.

"எழுதிக் குடுங்க மாமா. என் ரிப்போர்ட்ட விட அது நல்லா இருக்கும்" என்றாள் மருமகள். ரிட்டயர் ஆனவனிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னால் போதாதா, மூட்டை மூட்டையாக அவிழ்ப்பான். நான் ஒரு மூட்டையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் ராமநாதபுரம் பக்கத்து ஆள். மெட்ராஸில் மோர்ஸ் தந்தி பழகினேன். சோற்றுக்குப் பதில் புள்ளியும் கோடும் தின்ற நாட்கள் என்று சொன்னால் போதும். அங்கிருந்து கப்பலேறி போர்ட் பிளேயர் வயர்லெஸ் நிலையத்தில் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. காட்டை வெட்டி, குடியேறிகளுக்கு நிலம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தீவுக்குத் தீவு போட் போக வாரக்கணக்காகும். அவசரம் என்றால் மோர்ஸ் தட்டும் எங்கள் சாவிக்கட்டைதான்.

அதில் மரியாதை வார்த்தைக்கு இடமில்லை. ஒற்றை எழுத்து 'நீ அனுப்பு' என்று பொருள்படும், இன்னொரு எழுத்து 'வாங்கிக்கொண்டேன்'. மூன்று எழுத்தில் ஒரு முழுக் கேள்வியே கேட்கலாம். கேட்பவன் அதைச் செய்வான், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டான். இருநூறு மைலுக்கு அப்பால் இருப்பவனை விரல் நுனியால் உட்கார வைக்கவும் எழுப்பவும் முடிகிறதே என்று ஆரம்பத்தில் எனக்கு வாய் பிளந்துதான் இருந்தது. இன்றைக்கும் முழுதாக மூடவில்லை.

குடியேற்ற அதிகாரியாக வந்தவர் சாக்கோ சார். மலையாளி. அரசு வேலைக்கு வருமுன் ஒரு கல்லூரியில் தர்க்கம் சொல்லிக்கொடுத்தவர். ஒல்லி, எப்போதும் காக்கி அரைக்கால் சட்டை, காதில் பென்சில். தமிழ் பேசுவார், மலையாளத்தில் தோய்த்து. ஒரு வேலையைச் சரியாகச் செய்து மேசையில் வைத்தால் அதை எடுத்துக்கொள்வார், அவ்வளவுதான். நன்றி, சபாஷ், ஒன்றும் வராது. தப்பு இருந்தால் மட்டும் பென்சில் காதிலிருந்து இறங்கும். அந்தத் தப்பான வரிமேல் இரண்டு தட்டு தட்டிவிட்டு, "எடோ, இது எதோட தொங்குது?" என்பார்.

அந்தக் கேள்விதான் அவருடைய மொத்த முறையும். நிலத் தகராறு விசாரணையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தந்தி கொண்டுபோகிற சாக்கில் வாசலில் நின்றுவிடுவேன். மற்ற அதிகாரிகள் இரண்டு தரப்பும் கத்தி ஓயட்டும் என்று காத்திருந்து, பிறகு குமாஸ்தாவிடம் நீளமாகக் குறிப்புச் சொல்வார்கள். இவர் டைப்ரைட்டரைத் தானே இழுத்துப் போட்டுக்கொள்வார். முதலில் இடது ஓரத்தில் ஒரு வரி: என்ன முடிவு கேட்கிறார்கள் என்பது. அதற்கு ஆதரவாக யாராவது பேசினால், டைப்ரைட்டரின் உருளை வண்டியை ஐந்து இடம் தள்ளி, கூட்டல் குறி, வரி. எதிராகப் பேசினால் கழித்தல் குறி, வரி. அந்த எதிர்ப்புக்கே யாராவது மறுப்புச் சொன்னால் இன்னும் ஐந்து இடம் உள்ளே. பேச்சு ஆழமாகப் போகப் போக எழுத்து வலப்பக்கம் இறங்கிப் போகும்.

ஒரு தடவை வங்காளி ஒருவரும் தெலுங்குக்காரர் ஒருவரும் எருமை விஷயமாக வந்தார்கள். "சாப், இஸ்கா பைன்ஸ் மேரா தான் கா கயா" என்று வங்காளி கத்தினார். இவன் எருமை என் நெல்லைத் தின்றுவிட்டது என்பது புகார். தெலுங்குக்காரர் வேலி இல்லையே என்றார். வங்காளி, வேலிக் கம்பி எனக்கு இன்னும் சர்க்கார் தரவில்லை என்றார். தெலுங்குக்காரர் உடனே, போன வருஷம் என் தம்பியை இவன் அடித்தான் என்றார்.

சாக்கோ சார் கை நின்றது. "யே கிஸ் பாத் கா ஜவாப் ஹை?" என்று கேட்டார். இது எந்தப் பேச்சுக்குப் பதில்? தெலுங்குக்காரர் யோசித்தார். நெல்லுக்கா, வேலிக்கா, கம்பிக்கா? எதிலும் தொங்கவில்லை. "ரெஹ்னே தோ சாப்", போகட்டும் என்று அவரே விட்டுவிட்டார். பிறகு சார் காகிதத்தை உருவி மேசையில் விரித்தார். இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரி எதன் கீழ் நிற்கிறது, எந்தக் கிளை பதில் இல்லாமல் நின்றுபோயிருக்கிறது என்பது அவர்கள் கண்ணுக்கே தெரிந்தது. வங்காளி, பதில் இல்லாத வரிமேல் விரலை வைத்தார். கம்பி வரி. அது சர்க்கார் தலையில் விழுந்தது, சார் அன்றே கம்பிக்கு எழுதினார்.

எழுத்தறியாதவர்கள் ஒரு காகிதத்தைப் 'படித்ததை' நான் அன்றுதான் பார்த்தேன். வெற்றிடம், ஒன்றுமே எழுதாத இடம், இத்தனை வேலை செய்யுமா என்று நினைத்து நினைத்து மாய்ந்து போனேன்.

இந்த முறையில்தான் எல்லாத் தீவிலிருந்தும் தனக்குக் குறிப்பு வர வேண்டும் என்று சார் உத்தரவு போட்டார். அங்கேதான் எங்கள் பிழைப்பு சிக்கலாயிற்று.

மாதிரிக்கு முதல் குறிப்பு இங்கிருந்து போனது. வடக்கே ஒரு தீவில் புதுக் கிணறு எங்கே வெட்டலாம் என்பது விஷயம். அந்தத் தீவின் வயர்லெஸ் ஆள் சேவியர், தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், என்னோடு மெட்ராஸில் பழகியவன். காகிதத்தில் இருந்ததை அப்படியே அனுப்பினேன். கிணற்றை வடக்கு மேட்டில் வெட்டலாம் என்று முதல் வரி. பிறகு கூட்டல் குறி. மோர்ஸில் கூட்டல் குறி டிட் டா டிட் டா டிட். தொழில் தெரிந்தவன் எவனும் இதற்குள் சிரித்திருப்பான். அதே ஒலிக்கு எங்கள் வழக்கத்தில் இன்னொரு பொருள் உண்டு: செய்தி முடிந்தது. அந்த அவசரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

சேவியர் முதல் வரியோடு பேனாவை மூடி, வாங்கிக்கொண்டேன் என்றான். நான் நிறுத்தாமல் அடுத்த காரணத்துக்குப் போனேன். மறுபடியும் கூட்டல். அந்தக் குறிப்பில் கூட்டல் மொத்தம் ஆறு. அடுத்த போட்டில் அவனிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம் வந்தது: "ஏலே முத்தையா, ஆறு தடவ முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு ஏழாவது தடவயும் பேசுறவன நான் இன்னிக்குத்தாம்ல பாத்தேன். என்ன குடிச்ச?"

சாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். திட்டு விழும் என்றிருந்தேன். அவர் தோள் குலுங்கச் சிரித்தார்.

"கொள்ளாம். மோர்ஸ் சாயிப்பு வலிய ஞானிதான். ஆதரவுன்னு ஒரு வாக்கு வந்தாலே பேச்சு தீர்ந்துதுன்னு வெச்சுட்டார். இனி நாம என்ன செய்யும்?"

நான் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தேன். குறியே வேண்டாம் சார், வார்த்தை போடலாம். கூட்டலுக்கு 'ஆதரவு', கழித்தலுக்கு 'எதிர்'. தந்தி இங்கிலீஷில்தான் போகும், இங்கே நான் தமிழில் எழுதுகிறேன். சார் தலையசைத்தார். "எடோ, நீ புத்தியுள்ளவன்" என்றார். அவர் வாயால் யாரும் அதுவரை கேட்காத சொல். ஒரு வாரம் அபர்டீன் பஜாரில் நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். டீக்கடையில் கேட்காதவனுக்கெல்லாம் இதைச் சொன்னேன்.

அந்த வார்த்தை முறை ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடியது. குறிப்புகள் சின்னவை. யாருக்கும் ஒரு சேதமும் இல்லை.

அஞ்சலை இருந்தது சேவியரின் தீவில். தென்னாற்காட்டுப் பெண். புருஷன் மரம் வெட்டும்போது கிளை விழுந்து செத்துப்போனான். நிலம் அவன் பெயரில் இருந்தது. பயிர் செய்துகொண்டிருந்தால் அது விதவைக்கு வரும். நிலத்தை விட்டுப் போய்விட்டால் திரும்ப எடுத்து வேறு ஆளுக்குக் கொடுப்பார்கள். அதுதான் விதி. அவளுடையது பதினேழாம் எண் நிலம். அதைப் பற்றி அந்தத் தீவின் நிலக்கணக்குப் பார்க்கும் பட்வாரி பிஸ்வாஸ் விசாரித்து, சார் சொன்ன முறையில் டைப் அடித்து, சேவியரிடம் கொடுத்தார். சேவியர் அனுப்பினான். நான் காதில் வாங்கி, படிவத்தில் டைப் அடித்து, சாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்கே வரி.

நிலம் பதினேழு அஞ்சலையிடமே இருக்கட்டும்.
ஆதரவு: இரண்டு பருவம் பயிர் செய்தாள்.
எதிர்: மழைக்காலத்தில் நிலத்தை விட்டுப் போனாள்.
எதிர்: குழந்தையைப் போர்ட் பிளேயர் கொண்டுபோனாள்.

சார் அதை இரண்டு தடவை படித்தார். அவருக்கு ஒரு அனுபவப் பாடம் இருந்தது, அடிக்கடி சொல்வார். திரும்பி வர நினைக்கிறவன் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவான். பிள்ளையையும் சுமந்துகொண்டு போகிறவன் மெயின்லேண்ட் கப்பலைப் பிடிக்கத்தான் போகிறான். ஆதரவு ஒன்று, எதிர் இரண்டு, அதிலும் இரண்டாவது கனமானது. நிலத்தைத் திரும்ப எடுக்கும்படி அன்றே உத்தரவு எழுதினார். அதை நானேதான் அனுப்பினேன். எனக்கு அதில் ஒரு உறுத்தலும் இருக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. தந்தியாக வந்த குறிப்பின் அசல் காகிதம் பிறகு போட்டில் வரும். வாங்கியவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு, 'ஒத்திருக்கிறது' என்று எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். ஒன்பது நாள் கழித்து அந்த போட் அபர்டீன் ஜெட்டிக்கு வந்தது. காலை பத்து மணிக்குத் தபால் பை என் மேசைக்கு வந்தது.

பதினேழாம் நிலத்தின் காகிதத்தை எடுத்தேன். ஸ்கேலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனேன். ஒரு எழுத்துப் பிசகு இல்லை. சேவியரும் நானும் என்ன லேசுப்பட்டவர்களா? பேனாவைத் திறந்து 'ஒத்' வரைக்கும் எழுதிவிட்டேன். அப்போதுதான் கண் பக்கத்தின் வெள்ளைப் பகுதிமேல் போனது.

நான்காவது வரி மூன்றாவது வரிக்கு நேர்க்கீழே இல்லை. ஐந்து இடம் வலப்பக்கம் தள்ளி இருந்தது.

அது நிலம் கேட்பதற்கு எதிர்ப்பு இல்லை. மழைக்காலத்தில் விட்டுப் போனாள் என்ற குற்றச்சாட்டுக்கு எதிர்ப்பு. விட்டுப் போகவில்லை ஐயா, குழந்தையைக் கொண்டுபோனாள் என்று பிஸ்வாஸ் அவளுக்காகப் பேசியிருக்கிறார். குழந்தைக்கு ஜன்னி, போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருக்கிறாள் என்பது அன்றே சேவியர் சொல்லித் தெரிந்தது. தீவு முழுக்கத் தெரிந்த சங்கதி என்பதால் ஆஸ்பத்திரி என்ற சொல்லைத் தந்திக்குச் சுருக்கமாக விட்டுவிட்டார். அவளைக் காப்பாற்ற எழுதின வரியே அவளைக் கவிழ்த்திருக்கிறது. மோர்ஸில் ஐந்து இடம் தள்ளுவது என்று ஒன்று கிடையாது. நீ பத்து இடம் விட்டாலும் அது ஒரு வார்த்தை முடிந்ததாகத்தான் கேட்கும். குறிக்கு வார்த்தை கண்டுபிடித்த புத்தியுள்ளவன் இடத்துக்கு ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

எழுத்தெல்லாம் ஒத்திருக்கிறது. நான் 'ஒத்திருக்கிறது' என்று முடித்திருந்தால் அது பொய்யும் ஆகாது. இந்த எண்ணம் எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால்தான் பொய். வேலை போய்விட்டால் ஊருக்கு என்ன அனுப்புவேன் என்றும் யோசித்தேன். பிறகு இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

சார் மேசைமேல் இரண்டையும் வைத்து, "சார், இது எதோட தொங்குதுன்னு பாருங்க" என்றேன். வேறு வார்த்தை எனக்கு வரவில்லை.

அவர் பென்சிலை எடுக்கவில்லை. விரலை அந்த நான்காவது வரிமேல் வைத்தார், எடுக்காமல் வைத்திருந்தார்.

"தந்தியில நீ ஒரு எழுத்தும் விடல" என்றார்.

"எழுத்து விடல சார். இடம் விட்டுட்டேன்."

"அது நான் கேட்டிருக்கணும். ஒரு வருஷமா எனக்கு வந்ததெல்லாம் ஒரே ஓரத்துல நின்னிருக்கு, நான் கேக்கல."

அவர் டைப்ரைட்டரை இழுத்தார். புதுக் காகிதம் போட்டார். இடது ஓரத்தில் அடித்தார்: பதினேழாம் நிலத்தைப் பற்றி நான் போட்ட உத்தரவு சரி. பிறகு ஐந்து இடம் தள்ளி, கழித்தல் குறி போட்டு, அது ஏன் சரியில்லை என்று தொடங்கினார். என் பெயரை எங்கும் அடிக்கவில்லை. 'குறிப்பைப் படித்ததில் என் பிழை' என்று அடித்தார். மேலதிகாரி ஒருவர் தன் உத்தரவின் கீழ் தானே கழித்தல் குறி போட்டதை என் முப்பத்தாறு வருஷ சர்வீஸில் அந்த ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். கைகட்டி நின்றுகொண்டிருந்த எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. பயம் போன இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அதற்குப் பக்தி என்று பெயர் சொன்னாலும் தப்பில்லை.

"இத இப்பவே தீவுக்கு அனுப்பு. நீ எப்படி அனுப்பும்? இடம் போகாதே."

"எண் போடலாம் சார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு எண். எந்த எண்ணுக்கு எதிர்னு வரியிலயே சொல்லிடலாம். 'நாலு, மூணுக்கு எதிர்.' எங்க தள்ளி வெச்சாலும், கலைச்சுப் போட்டாக்கூட, எது எதுல தொங்குதுன்னு தெரியும்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காகிதத்தை என்னிடம் நீட்டினார். சரி என்று அர்த்தம்.

அனுப்பினேன். சேவியர் வாங்கிக்கொண்டேன் என்றான், கொஞ்சம் பொறு என்றான். பிறகு அவன் அனுப்பியதை எழுதிக்கொண்டேன். பெண் இங்கே இல்லை. உத்தரவைக் கேட்டுவிட்டு ஆடுகளை விற்றாள். இன்று வந்த போட்டில் பிள்ளையோடு அங்கே வந்துவிட்டாள். மெயின்லேண்ட் கப்பலுக்கு.

தபால் பை வந்த அதே போட். மெட்ராஸ் கப்பல் அன்று பிற்பகல் புறப்படுகிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பலேறப் போனாள் என்று நாங்கள் தப்பாகப் படித்தது, படித்த பாவத்துக்கு இப்போது நிஜமாக நடந்துகொண்டிருந்தது. அவள் ஏறிவிட்டால் நிலத்தை விட்டுப் போனவள்தான். பிறகு எந்த எண்ணும் எந்தக் குறியும் அவளை மீட்காது.

சாரின் ஜீப்பில் போனோம். சாத்தம் ஜெட்டியில் டெக் டிக்கெட் வரிசை வெயிலில் வளைந்து நின்றது. மூட்டை, முடிச்சு, கோழிக்கூடை. நான் "அஞ்சலை, அஞ்சலை" என்று கூப்பிட்டுக்கொண்டே போனேன். இரண்டு அஞ்சலைகள் திரும்பினார்கள். ஒருத்தி கிழவி. மற்றவள் இடுப்பில் மூன்று வயசுப் பிள்ளையோடும் காலடியில் தகரப்பெட்டியோடும் நின்றாள். வரிசையில் அவளுக்கு முன்னால் பத்துப் பேர்கூட இல்லை.

"பதினேழாம் நெலமா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு" என்றாள்.

சார் முன்னால் வந்தார். "அது உன்னோட நிலம்தான் அம்மா. உத்தரவு தப்பு. திரும்பிப் போகலாம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பயமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"பத்து நாளுக்கு முந்தி என்னுது இல்லன்னீங்க. இன்னிக்கு என்னுதுங்கறீங்க. நான் போயி நாத்து விட்டப்புறம் என்னா சொல்லுவீங்களோ. வாயால சொன்னா பத்தாதுங்க. எழுதிக் குடுங்க."

நியாயம்தான். சார் பையிலிருந்து நோட்டை எடுத்து ஜீப்பின் பானெட்மேல் வைத்தார். தமிழில் எழுத என்னை உட்கார வைத்தார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பழக்கம் யாரை விட்டது? முதல் வரி இடது ஓரத்தில். அடுத்த வரி கொஞ்சம் தள்ளி: ஆதரவு, இரண்டு பருவம் பயிர். அடுத்தது: எதிர். அதற்குக் கீழே, இன்னும் தள்ளி, பிள்ளைக்கு ஆஸ்பத்திரி.

அவள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கத் தெரியாது.

"மேல ஒண்ணு எழுதினீங்க. அப்புறம் கீழ கீழ தள்ளித் தள்ளி எழுதறீங்களே, அது இன்னாதுங்க?"

"காரணம்மா. நெலம் ஏன் உன்னுதுங்கறதுக்கு" என்றேன்.

"காரணம் வேணாங்க" என்றாள். "காரணம் எழுதினா நாளைக்கு இன்னொரு சாரு வருவாரு. அதுக்குக் கீழ இன்னொண்ணு எழுதுவாரு."

சாக்கோ சார் கல்லூரியில் எத்தனை வருஷம் தர்க்கம் சொல்லிக்கொடுத்தாரோ தெரியாது. அவர் முகத்தில் அன்று நான் பார்த்தது, வாத்தியார் முகம் இல்லை. கையை நீட்டி என்னிடமிருந்து நோட்டை வாங்கினார், அந்தத் தாளைக் கிழித்தார், நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மேல் வரி மட்டும் எழுது" என்றார்.

எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டு, ஜீப்பிலிருந்த ரப்பர் முத்திரையை ஊதி ஊதிக் குத்தினார்.

அவள் அந்தத் தாளை எங்கள் இருவரிடமும் காட்டவில்லை. வரிசையில் பின்னால் நின்ற, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு ஆளிடம் கொண்டுபோய் நீட்டினாள். கண்ணாடி போட்ட ஆள், கடைக்காரர் போலிருந்தார். அவர் நெற்றியில் வெயிலுக்குக் கை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"பதினேழாம் எண் நிலம் அஞ்சலையுடையது."

"அப்புறம்?"

"கையெழுத்து. முத்திரை."

"அதுக்குக் கீழ?"

அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தார்.

"கீழ ஒண்ணும் இல்லம்மா."

அஞ்சலை தாளை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிள்ளையை இறக்கி என் கையில் கொடுத்துவிட்டு, தகரப்பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்தாள். பிறகு பிள்ளையை வாங்கிக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள்.